கடல் நிறைய எரிபொருள்... அடுப்புதான் இன்னும் தயாராகவில்லை!

சூரியனுக்குள் நடப்பதைப் பூமியில் செய்து காட்ட முடியுமா? உலகமே ஒன்று சேர்ந்து கட்டும் ஒரு ராட்சத அடுப்பின் கதை

எர்ணாவூர் கடற்கரையில், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்கள் மேல் நின்று வடக்கே பார்த்தால், எண்ணூர் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் உயரமான புகைபோக்கிகள் தெரியும். அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல் மின் நிலையமும், அதை அடுத்த வல்லூர் அனல் மின் நிலையமும்தான் அவை. இரண்டையும் சேர்த்தால் 4,000 மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தித் திறன். சென்னையில் ஒரு வீட்டில் ஃபேன் சுற்றுகிறது என்றால், அதில் இந்தப் புகைபோக்கிகளுக்கும் பங்கு உண்டு.

அந்த மின்சாரத்துக்கு இந்த வட்டாரம் கொடுக்கும் விலை தனி. இந்திய நிலக்கரியில் 100 கிலோவை எரித்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகக் குளங்களுக்கு அனுப்புவார்கள். குழாய் கசிந்தால் சாம்பல் எங்கே போகும்? கொசஸ்தலை ஆற்றுக்கும் கழிமுகத்துக்கும்தான். அங்கே தண்ணீரில் இறங்கி இறால் பிடித்துப் பிழைத்தவர்களின் வாழ்க்கையை அது எப்படிக் கெடுத்தது என்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. எர்ணாவூருக்குப் பக்கத்திலேயே 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். ஆனால், வட்டாரத்தில் நிலக்கரி எரிவது நிற்கவில்லை. 2024-ல் அத்திப்பட்டில் 800 மெகாவாட் அலகு ஒன்று புதிதாகச் சேர்ந்தது.

சரி, அதே கருங்கல்லில் நின்றபடி கிழக்கே திரும்பினால் என்ன தெரியும்? கடல். அந்தக் கடல் தண்ணீருக்குள்ளும் ஒரு எரிபொருள் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் புகை கிடையாது, சாம்பல் கிடையாது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குத் தீராத அளவுக்கு அது கடலில் கிடக்கிறது. அதை எரிக்கிற அடுப்பு மட்டும்தான் இன்னும் உலகத்தில் யாரிடமும் இல்லை.

அந்த அடுப்பின் பெயர்தான் அணுக்கரு இணைவு உலை.

தீக்குச்சியும் சூரியனும்

எர்ணாவூருக்குத் தெற்கே இருக்கும் விம்கோ நகர் என்ற பெயர், அங்கே இருந்த விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து வந்தது. இன்று மெட்ரோ ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். அணுக்கரு இணைவைப் புரிந்துகொள்ள ஒரு தீக்குச்சியிலிருந்து தொடங்குவது நல்லது.

தீக்குச்சியை உரசினால் எரிகிறது. அப்போது குச்சியில் உள்ள கார்பன், காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்ஸைடாக மாறுகிறது. அணுக்கள் ஜோடி மாறுகின்றன, அவ்வளவுதான். ஒவ்வொரு அணுவின் நடுவிலும் இருக்கும் அணுக்கரு என்ற பருப்பை யாரும் தொடுவதில்லை. கார்பன் கார்பனாகவே இருக்கும், ஆக்சிஜன் ஆக்சிஜனாகவே இருக்கும். அத்திப்பட்டில் நிலக்கரி எரிவதும் இதே கதைதான். தீக்குச்சியின் மிகப் பெரிய அண்ணன் அது.

சூரியன் அப்படி எரிவதில்லை. அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிற நெருப்பே கிடையாது. சூரியனின் மையத்தில் 1.5 கோடி டிகிரி செல்சியஸ் வெப்பம். அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் அணுக்களின் பருப்புகள் ஒன்றோடு ஒன்று மோதி ஒட்டிக்கொள்கின்றன. பல படிகளைத் தாண்டி நான்கு ஹைட்ரஜன் சேர்ந்து ஒரு ஹீலியம் ஆகிறது. ஒரு பொருள் வேறொரு பொருளாகவே மாறிவிடுகிறது.

இதில்தான் சுவாரஸ்யம். பழைய நகைகளை உருக்கிப் புது நகை செய்யும்போது, 'சேதாரம்' என்று கொஞ்சம் எடையைக் கழிப்பார்கள் அல்லவா? இங்கேயும் ஒரு சேதாரம் உண்டு. ஒரு கிலோ ஹைட்ரஜன் ஹீலியமாக மாறினால், கிடைக்கும் ஹீலியம் ஒரு கிலோ இருக்காது. சுமார் 7 கிராம் குறையும். அந்த 7 கிராம் எங்கே போனது? முழுக்க முழுக்க ஆற்றலாக மாறிவிட்டது. நிறையை ஆற்றலாக மாற்ற முடியும், கொஞ்சூண்டு நிறையிலிருந்து மலையளவு ஆற்றல் கிடைக்கும் என்று ஐன்ஸ்டீன் 1905-ல் எழுதிக் காட்டிய சமன்பாடு இதைத்தான் சொல்கிறது.

சூரியன் ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக்குகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கு மேல் சேதாரமாகி, ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியே வருகிறது. நட்சத்திரங்களின் ஆற்றலுக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று 1920-ல் ஊகித்தவர் ஆங்கிலேய வானியலாளர் ஆர்தர் எடிங்டன். அது எப்படிப் படிப்படியாக நடக்கிறது என்று 1930-களின் இறுதியில் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஹான்ஸ் பெத்தே. அதற்காக 1967-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கல்பாக்கத்தில் நடப்பது வேறு

'அணு' என்றதும் தமிழ்நாட்டில் கல்பாக்கமும் கூடங்குளமும்தான் நினைவுக்கு வரும். அங்கே நடப்பது அணுக்கரு பிளவு. யுரேனியம் போன்ற கனமான அணுக்கருவை நியூட்ரானால் அடித்து இரண்டாக உடைக்கிறார்கள். உடையும்போது வெப்பம் வருகிறது. கூடவே சில நியூட்ரான்களும் வந்து அடுத்த அணுக்கருக்களை உடைக்கின்றன. அது சங்கிலித் தொடராகப் போகிறது. அந்தச் சங்கிலியைக் கட்டுக்குள் வைத்திருப்பதுதான் அணு உலையின் வேலை.

இணைவு இதற்கு நேர் எதிர். லேசான இரண்டு அணுக்கருக்களை ஒன்றாக்குவது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அணுக்கரு இயற்பியல் பாடத்தில் இரண்டும் அடுத்தடுத்து வரும். உடைப்பது சுலபம்; 1950-களிலேயே உலகம் அதிலிருந்து மின்சாரம் எடுத்துவிட்டது. சேர்ப்பதுதான் கஷ்டம்.

ஏன் கஷ்டம்? இரண்டு காந்தங்களை எடுத்து, ஒரே துருவங்களை எதிரெதிரே வைத்து ஒட்டப் பாருங்கள். விலகி விலகிப் போகும். அணுக்கருக்களும் அப்படித்தான். எல்லாமே நேர் மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றை ஒன்று தள்ளும். ஆனால், எப்படியாவது மிக மிக நெருக்கத்தில் கொண்டுவந்துவிட்டால், வேறொரு பலமான விசை இரண்டையும் கப்பென்று பிடித்துக்கொள்ளும்.

வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். கேரம் காய்கள் எல்லாம் ஒன்றை ஒன்று தள்ளும் காந்தங்களாக இருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யுங்கள். மெதுவாகத் தட்டினால் காய் இன்னொரு காயைத் தொடாமலே விலகிப் போய்விடும். ஓங்கி அடித்தால்தான் 'டக்' என்று மோதும். அணுக்களின் உலகத்தில் 'ஓங்கி அடிப்பது' என்றால் சூடாக்குவது. வெப்பம் என்பதே அணுக்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பதன் அளவுதான்.

கடலில் என்ன இருக்கிறது?

சாதாரண ஹைட்ரஜனைப் பூமியில் இணைய வைப்பது நடக்காத காரியம். அது அவ்வளவு மெதுவாக நடக்கும் வேலை. சூரியனின் மையத்திலேயே ஒரு கன மீட்டர் இடத்தில் உண்டாகும் ஆற்றல் 300 வாட்டுக்கும் குறைவு. பழைய குண்டு பல்புகள் நான்கு எரியும் அளவு. சூரியன் இவ்வளவு பிரகாசமாக இருப்பதற்குக் காரணம் அதன் பிரமாண்டமான உருவம்தான்.

அதனால் விஞ்ஞானிகள் ஹைட்ரஜனின் இரண்டு உறவினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று டியூட்டீரியம். சாதாரண ஹைட்ரஜனைவிட இரண்டு மடங்கு எடை கொண்டது. தண்ணீரில் உள்ள ஏறக்குறைய 6,400 ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்று டியூட்டீரியம்தான். குடிக்கிற தண்ணீரில் இருக்கிறது, நம் உடம்பில் இருக்கிறது, எர்ணாவூர் கடலில் இருக்கிறது. 1,000 லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 33 கிராம் கிடைக்கும். இதைப் பிரித்தெடுக்கும் வித்தை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. டியூட்டீரியம் நிறைந்த தண்ணீருக்குத்தான் கனநீர் என்று பெயர். தூத்துக்குடியில் கனநீர் ஆலை இருந்தது. கல்பாக்கம் அணுமின் நிலைய உலைகள் கனநீரைப் பயன்படுத்துபவைதான்.

இன்னொன்று டிரிட்டியம். எடை மூன்று மடங்கு. இது இயற்கையில் தேடினாலும் கிடைக்காத அளவுக்கு அரிது. கதிரியக்கமும் உண்டு, சுமார் 12 ஆண்டுகளில் பாதி அழிந்துவிடும். ஆகவே, இதை உலைக்குள்ளேயே தயாரித்துக்கொள்ள வேண்டும். செல்போன் பேட்டரியில் இருக்கும் லித்தியம் மீது நியூட்ரான் பட்டால் டிரிட்டியம் உண்டாகும்.

டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணைந்தால் ஒரு ஹீலியமும் ஒரு நியூட்ரானும் கிடைக்கும். ஆற்றலில் 80 சதவிகிதத்தை அந்த நியூட்ரான் சுமந்துகொண்டு வெளியே பாயும். அது உலையின் சுவரில் மோதிச் சுவரைச் சூடாக்கும். அந்தச் சூட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவியால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கலாம். ஆக, கடைசியில் நடப்பது அத்திப்பட்டில் நடப்பதுதான்: தண்ணீரைக் கொதிக்க வைப்பது. மாறுவது அடுப்பு மட்டும்.

ஆனால், அந்த மாற்றம் சின்னதல்ல. 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்றுக்கு வருடத்துக்கு 27 லட்சம் டன் நிலக்கரி வேண்டும். சாம்பல் அதிகமுள்ள நம் நாட்டு நிலக்கரி என்றால் இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கும். அதே அளவு மின்சாரத்துக்கு இணைவு உலைக்கு வருடத்துக்கு 250 கிலோ எரிபொருள் போதும் என்பது கணக்கு. 27 லட்சம் டன்னை இறக்க ஒரு துறைமுகமே வேண்டும். 2001-ல் செயல்பாட்டுக்கு வந்த எண்ணூர் துறைமுகம் முதலில் நிலக்கரி இறக்குவதற்காகக் கட்டியதுதான். 250 கிலோவுக்கு ஒரு மினி வேன் போதும்.

மெதுவடை வடிவத்தில் ஒரு பாத்திரம்

பூமியில் சூரியனைப் போன்ற அழுத்தம் கிடையாது. அதை ஈடுகட்ட, வெப்பத்தை ஏற்ற வேண்டும். எவ்வளவு? 15 கோடி டிகிரி. சூரியனின் மையத்தைப் போல பத்து மடங்கு!

அந்தச் சூட்டில் எந்தப் பொருளும் திடமாகவோ திரவமாகவோ வாயுவாகவோ இருக்காது. அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்று, எல்லாம் கலந்த ஒரு கலவையாக ஓடும். இதற்குப் பிளாஸ்மா என்று பெயர். பயப்பட வேண்டியதில்லை, டியூப் லைட்டுக்குள் ஒளிர்வது பிளாஸ்மாதான். மின்னலும் பிளாஸ்மாதான். எண்ணூர் பக்கத்துப் பட்டறைகளில் வெல்டிங் வைக்கும்போது கண் கூசும் அந்த வெளிச்சமும் பிளாஸ்மாதான்.

15 கோடி டிகிரியை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? எந்த உலோகமும் தாங்காது. இதற்கு 1950-களில் சோவியத் விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். பிளாஸ்மா மின்னூட்டம் கொண்டது. ஆகவே, காந்தப் புலம் அதைப் பிடித்து வைக்கும். மெதுவடை போல நடுவில் ஓட்டை உள்ள ஒரு வெற்றிடப் பாத்திரத்தைச் செய்து, சுற்றிலும் வலிமையான காந்தங்களை வைத்தால், பிளாஸ்மா சுவரைத் தொடாமல் வடைக்குள்ளேயே வட்டமடித்துக்கொண்டிருக்கும். இந்தக் கருவிக்கு ரஷ்ய மொழியில் 'டோகாமாக்' என்று பெயர் வைத்தார்கள். உலகம் முழுவதும் இன்று அந்தப் பெயர்தான்.

'அப்படியே சுவரில் பட்டுவிட்டால் ஊரே உருகிவிடாதா?' என்று கேட்கத் தோன்றும். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு பிடிக்கும்போது கையில் பொறி விழுகிறது. பொறியின் சூடு மிக அதிகம். ஆனால், கை வெந்துபோவதில்லை. காரணம், பொறி மிகச் சின்னது. டோகாமாக்குக்குள் இருக்கும் பிளாஸ்மாவும் அப்படித்தான். காற்றைவிட லட்சம் மடங்குக்கும் மேல் மெல்லியது. சுவரில் பட்டால் சுவருக்குச் சேதம் வரும். பிளாஸ்மா உடனே குளிர்ந்து அணைந்துவிடும்.

உண்மையில் விஞ்ஞானிகளுக்குத் தலைவலி, அது வெடித்துவிடுமோ என்பதல்ல. அணையாமல் வைத்திருப்பது எப்படி என்பதுதான். ரப்பர் பேண்டால் அல்வாவைக் கட்டி வைப்பது போன்ற வேலை இது. ஒரு பக்கம் இறுக்கினால் இன்னொரு பக்கம் பிதுங்கும்.

பிரான்ஸில் ஒரு ராட்சத தெர்மாஸ் பிளாஸ்க்

இந்தியாவில் இந்த ஆராய்ச்சியின் தலைமையிடம் குஜராத்தில் காந்திநகருக்குப் பக்கத்தில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம். அதை உருவாக்கி வளர்த்தவர் விஞ்ஞானி பி.கே.கவ். நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய 'ஆதித்யா' டோகாமாக் அங்கே 1989-ல் செயல்பட ஆரம்பித்தது. சூரியனின் பெயர்! அதற்கு அடுத்ததாக, மீக்கடத்திக் காந்தங்களைக் கொண்ட எஸ்.எஸ்.டி-1 என்ற டோகாமாக்கில் 2013-ல் முதல் பிளாஸ்மா உருவானது.

உலக அளவில் மிகப் பெரிய முயற்சி, தெற்கு பிரான்ஸில் கட்டிவரும் 'ஈட்டர்'. லத்தீன் மொழியில் இதற்கு 'வழி' என்று பொருள். ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, சீனா, ஜப்பான், தென் கொரியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய ஏழு தரப்பும் சேர்ந்து 2006 நவம்பரில் பாரிஸில் ஒப்பந்தம் போட்டன. வெளியே சண்டை போட்டுக்கொள்ளும் நாடுகள்கூட இந்த ஒரு கூரைக்குக் கீழே சேர்ந்து வேலை பார்க்கின்றன.

ஈட்டருக்குள் ஒரு விசித்திரம் உண்டு. நடுவில் 15 கோடி டிகிரி பிளாஸ்மா. சில மீட்டர் தள்ளி, மைனஸ் 269 டிகிரியில் உறைந்து நிற்கும் காந்தங்கள். அவ்வளவு குளிரில்தான் அந்தக் காந்தச் சுருள்கள் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும். இவ்வளவையும் உள்ளே வைத்து மூட ஒரு பிரமாண்டமான தெர்மாஸ் பிளாஸ்க் வேண்டும். அதன் பெயர் கிரையோஸ்டாட். உயரம் 29 மீட்டர், அகலம் 29 மீட்டர். அதாவது ஏறக்குறைய பத்து மாடிக் கட்டடம். எடை 3,850 டன்.

அதைச் செய்து கொடுத்தது இந்தியா. குஜராத்தின் ஹசிராவில் உள்ள எல் அண்ட் டி தொழிற்சாலையில் துண்டு துண்டாகத் தயாரித்து, கப்பலில் பிரான்ஸுக்கு அனுப்பி, அங்கே வெல்டிங் வைத்து ஒட்டினார்கள். 2020 மே மாதம், உலகமே கொரோனாவால் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது, 1,250 டன் எடையுள்ள அதன் அடிப்பாகத்தைக் கிரேன் தூக்கி, உலைக் குழிக்குள் இறக்கி வைத்தது.

எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

இணைவு என்பது வெறும் கனவல்ல, நடத்திக் காட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் இருந்த 'ஜெட்' டோகாமாக் 2023 அக்டோபரில், 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாஜூல் ஆற்றலை எடுத்தது. ஐந்து நொடிகளில் 19 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம்! அதே அளவு வெப்பத்துக்கு இரண்டு கிலோ நிலக்கரியை எரிக்க வேண்டும். ஆனால், பிளாஸ்மாவைச் சூடாக்கச் செலவழித்த ஆற்றல் அதைவிட அதிகம்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகம் வேறு வழியில் போனது. 192 லேசர் கற்றைகளை மிளகு அளவுள்ள எரிபொருள் உருண்டை ஒன்றைக் குறிவைத்து ஒரே நேரத்தில் பாய்ச்சி, அதை நசுக்கினார்கள். 2022 டிசம்பர் 5 அன்று, லேசர் கொடுத்த 2.05 மெகாஜூலுக்குப் பதிலாக 3.15 மெகாஜூல் வெளியே வந்தது. கொடுத்ததைவிட அதிகமாக வாங்கியது அதுதான் முதல் முறை. செய்தித்தாள்கள் எல்லாம் கொண்டாடின. ஆனால், வந்த 3.15 மெகாஜூல் என்பது ஒரு யூனிட் மின்சாரத்தைவிடக் குறைவு. அந்த லேசர்களை இயக்கச் சுவர் பிளக்கிலிருந்து எடுத்ததோ சுமார் 300 மெகாஜூல். வீட்டு பட்ஜெட் போடுகிற யாருக்கும் இந்தக் கணக்கு உதைக்கும்.

ஈட்டரின் இலக்கு, 50 மெகாவாட் வெப்பத்தைப் பிளாஸ்மாவுக்குக் கொடுத்து, 500 மெகாவாட்டைத் திரும்ப எடுப்பது. அப்போதும் அது மின்சாரம் தயாரிக்காது; 'முடியும்' என்று நிரூபிக்கத்தான் அந்த உலை. அதற்கும் நாள் தள்ளித் தள்ளிப் போகிறது. 2024-ல் அறிவித்த புதிய அட்டவணைப்படி, ஆராய்ச்சிப் பணிகள் 2034-ல் தொடங்கும். டியூட்டீரியம் - டிரிட்டியம் எரிபொருளைப் போட்டு முழு அளவில் இயக்குவது 2039-ல். மின்சாரம் தரும் உலைகள் அதற்குப் பிறகுதான்.

இந்தத் தாமதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1955-ல் ஜெனீவாவில் நடந்த ஐ.நா-வின் அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நம் ஹோமி பாபா. இன்னும் 20 ஆண்டுகளில் இணைவு ஆற்றலைக் கட்டுப்படுத்தி எடுக்கும் வழி கிடைத்துவிடும் என்று அந்த மேடையில் அவர் சொன்னார். அவ்வளவு பெரிய மேதையின் கணிப்பே தவறியது. காரணம், பிளாஸ்மா அவ்வளவு முரட்டுப் பிள்ளை என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

ஆபத்தே இல்லையா?

இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. இணைவு உலையில் சங்கிலித் தொடர் கிடையாது. எந்த நேரத்திலும் உள்ளே சில கிராம் எரிபொருள்தான் இருக்கும். கோளாறு வந்தால் தானே அணைந்துவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காவல் காக்க வேண்டிய கழிவு உருவாகாது. இதெல்லாம் உண்மை.

ஆனால், நியூட்ரான்கள் தொடர்ந்து மோதுவதால் உலையின் உள் சுவர் கதிரியக்கம் கொண்டதாக மாறும். அதைச் சுமார் நூறு ஆண்டுகள் பத்திரமாக வைக்க வேண்டும். டிரிட்டியம் வாயு கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அடியைப் பல ஆண்டுகள் தாங்கும் சுவரை எதில் செய்வது என்பதற்கும், டிரிட்டியத்தைத் தேவையான அளவுக்கு உலைக்குள்ளேயே எப்படித் தயாரிப்பது என்பதற்கும் இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை.

சாம்பல் கசியாது என்று சொன்ன குழாய்களைப் பார்த்த ஊர் இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் வீட்டுக்குள் வந்து, சுவரில் கறுப்புக் கோடு போட்ட ஊர் இது. 'புது டெக்னாலஜி, ஆபத்தே கிடையாது' என்று யார் சொன்னாலும், 'எவ்வளவு கசியும், எங்கே போகும், யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்று எதிர்க் கேள்வி கேட்கும் உரிமை எர்ணாவூர்ப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே இருக்கிறது. நல்ல விஞ்ஞானம் அந்தக் கேள்வியைப் பார்த்துக் கோபப்படாது. அந்தக் கேள்வியிலிருந்துதான் அது தொடங்கும்.

அதுவரைக்கும்?

இன்று ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை, 2039-ல் இருபதுகளின் நடுவில் இருக்கும். ஈட்டர் முழு அளவில் இயங்கும்போது படிப்பை முடித்து வேலைக்குப் போகிற வயது. இந்த அடுப்பைக் கட்ட இயற்பியல் மேதைகள் மட்டும் போதாது. ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வெல்டிங் வைப்பவர், மைனஸ் 269 டிகிரியில் காந்தத்தைக் குளிர வைக்கும் எந்திரத்தைப் பராமரிப்பவர், உலோகவியல் படித்தவர், கம்ப்யூட்டரில் பிளாஸ்மாவின் நடத்தையைக் கணிப்பவர் என எல்லோரும் வேண்டும். காந்திநகர் நிறுவனம் கல்லூரி மாணவர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி நடத்துகிறது. அங்கே முனைவர் பட்ட ஆய்வும் செய்யலாம்.

ஆனால், எண்ணூர் சாம்பலுக்குத் தீர்வு இணைவு உலை வந்தபிறகுதான் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. அது இன்றே எடுக்க வேண்டிய நடவடிக்கை. அதற்கான வழிகளும் இன்றே இருக்கின்றன.

ஒரு ரகசியம் சொன்னால் இது இன்னும் தெளிவாகப் புரியும். அத்திப்பட்டில் எரியும் நிலக்கரி எது? 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வெயிலில் வளர்ந்து, மண்ணில் புதைந்த மரங்கள். அந்த வெயில் எங்கிருந்து வந்தது? சூரியனில் நடந்த இணைவிலிருந்து. ஆரல்வாய்மொழி காற்றாலைகளைச் சுற்றும் காற்று எதனால் வீசுகிறது? வெயில் நிலத்தைச் சூடாக்குவதால். மாடியில் வைக்கும் சோலார் பேனலில் விழுவதும் அதே வெயில்தான். ஆக, அணுக்கரு இணைவு என்பது எதிர்காலத்தில் வரப்போகிற புது விருந்தாளி இல்லை. மனிதர்கள் இதுவரை அதன் தயவில்தான் வாழ்ந்திருக்கிறார்கள். அந்த வெயிலை நிலக்கரியாக எடுத்தால் சாம்பலும் கூடவே வருகிறது; நேரடியாகப் பேனலில் பிடித்தால் வருவதில்லை. 2024-ல் தொடங்கிய மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில், வீட்டு மாடியில் சோலார் பேனல் அமைக்க 78,000 ரூபாய் வரை மானியமும் உண்டு.

எர்ணாவூரில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். காலை வெளிச்சம் முகத்தில் படும்போது, அது சூரியனை விட்டுப் புறப்பட்டு எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகியிருக்கும். கடந்து வந்த தூரம் 15 கோடி கிலோமீட்டர். பிரான்ஸில் கட்டும் பாத்திரத்துக்குள் எட்ட வேண்டிய வெப்பமும் 15 கோடி டிகிரி. எண் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனால், ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வசதி. நாளை காலை கருங்கல் மேல் நிற்கிற பிள்ளை ஒருவேளை அதை நினைத்துப் பார்க்கலாம்.